டாட்ஜ் சிட்டி: உழைப்பில் பெரும்பான்மை, அதிகாரத்தில் வெளியாட்கள்

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஆளுநர் தேர்தல் நடைபெற்றது. அம்மாநிலத்தின் தென்மேற்குச் சமவெளியில் அமைந்துள்ள டாட்ஜ் சிட்டி என்னும் சிறு நகரத்தில் ஏறத்தாழ 13,000 வாக்காளர்களுக்கு ஒரே ஒரு வாக்குச்சாவடிதான் இருந்தது. மாநில அளவில் ஒரு சாவடிக்குச் சராசரியாக 1,200 வாக்காளர்கள் என்பது அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் முன்வைத்த கணக்கு. இருந்த அந்த ஒரே சாவடியும் அவ்வாண்டுத் தேர்தல் நெருங்கிய வேளையில் நகர எல்லைக்கு வெளியே கொண்டுபோகப்பட்டது. பழைய கட்டடத்தின் அருகே கட்டுமானப் பணி நடக்கவிருக்கிறது என்று காரணம் கூறப்பட்டது. புதிய இடம் ரயில் பாதைக்கு அப்பால் இருந்தது. அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் இறங்கினாலும் ஒரு மைல் தூரம் நடக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு அனுப்பப்பட்ட அறிவிப்பிலோ பழைய சாவடியின் முகவரியே இருந்தது.

வாக்காளர்களுக்கு உதவும் தொலைபேசி எண்ணை விளம்பரப்படுத்துமாறு குடிமை உரிமைகள் ஒன்றியம் தேர்தல் அலுவலருக்குக் கடிதம் எழுதியது. அக்கடிதத்தை மாநிலச் செயலரின் அலுவலகத்துக்கு அனுப்பிய அலுவலர், அதன்மேல் 'எல்.ஓ.எல்.' என்று குறிப்பெழுதியிருந்தார். இணையத்தில் வாய்விட்டுச் சிரிப்பதைக் குறிக்கும் மூன்றெழுத்து அது. வழக்கு நீதிமன்றம் சென்றபோது அந்தச் சிரிப்பும் ஆவணமாகத் தாக்கலானது. ஆயினும் தேர்தல் நெருங்கிவிட்டது, இப்போது இரண்டாவது சாவடி திறக்க உத்தரவிட்டால் குழப்பமே மிஞ்சும் என்று கூறி நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் வழங்க மறுத்தது. மக்கள் நகரத்தைத் தாண்டிச் சென்றே வாக்களித்தார்கள்.

அந்நகரத்தின் மக்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்க வழியினர். பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலா போன்ற மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அவர்கள் கையில் கத்தி பிடித்து வேலை செய்யாவிட்டால் அந்நகரம் ஒரு வாரம்கூட இயங்காது. ஆனால் அந்நகரத்தை ஆளும் அவையில் அவர்களுக்கான இடம் இன்றும் தீராத வழக்காகவே இருக்கிறது. பெரும்பான்மையாக இருந்தும் அதிகாரமற்றவர்களாக ஒரு மக்கள் கூட்டத்தை எப்படி வைத்திருக்க முடிகிறது? ஊரில் பாதிக்கு மேல் இருந்தும் ஊராட்சி மன்றத்தில் தரையில் அமர்த்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இக்கேள்வி புதியதன்று. அதனால்தான் 14,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு மாட்டுப்பட்டி நகரத்தின் கதையை நாம் படித்தாக வேண்டும்.

கோடு கிழித்த ஊர்

டாட்ஜ் சிட்டியின் பெயரை ஹாலிவுட் உலகறியச் செய்தது. துப்பாக்கி ஏந்திய சட்டக் காவலர்கள், மதுக்கூடங்கள், புழுதி பறக்கும் தெரு என அதன் பிம்பம் திரையில் உருவானது. 1955 முதல் 1975 வரை இருபது ஆண்டுகள் ஓடிய 'கன்ஸ்மோக்' தொலைக்காட்சித் தொடரின் களம் இந்நகரமே. வயட் எர்ப், பேட் மாஸ்டர்சன் ஆகியோரின் பெயரால் இன்றும் அங்கு சுற்றுலா நடக்கிறது. 1947இல் தொடங்கப்பட்ட பூட் ஹில் அருங்காட்சியகம் அந்தக் காலத்தைக் காட்சிப்படுத்துகிறது.

திரையில் வராத வரலாறு வேறு. இந்நிலம் செயான், அரபாஹோ, கயோவா, கமான்ச்சி முதலான பழங்குடிகளின் வேட்டை நிலம். 1865இல் அமெரிக்க ராணுவம் இங்கு டாட்ஜ் கோட்டையை நிறுவியது. 1867இல் மெடிசின் லாட்ஜ் உடன்படிக்கையின் வழியே பழங்குடிகள் தெற்கேயுள்ள ஒதுக்கிடங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். ஆர்க்கன்சா ஆற்றுக்குத் தெற்கே வேட்டையாடும் உரிமை அவர்களுக்கு எழுத்தில் தரப்பட்டது. ஆனால் 1872இல் ரயில் வந்ததும் டாட்ஜ் சிட்டி காட்டெருமைத் தோல் வணிகத்தின் தலைநகரானது. லட்சக்கணக்கான தோல்கள் இங்கிருந்து ரயிலேறின. சில ஆண்டுகளில் வடக்கே மந்தைகள் தீர்ந்துபோக, 1874இல் வேட்டைக்காரர்கள் ஆற்றைக் கடந்து தெற்கே சென்றார்கள். உடன்படிக்கை காகிதமானது. எருமை அழிந்தபோது அதை நம்பி வாழ்ந்த மக்களின் எதிர்ப்பும் நொறுங்கியது. மாட்டு மந்தைகளுக்கான புல்வெளி இவ்வாறுதான் 'காலி' ஆக்கப்பட்டது.

அடுத்த பத்தாண்டுகள், ஏறத்தாழ 1875 முதல் 1885 வரை, டெக்சாஸிலிருந்து மாடுகள் ஓட்டிவரப்பட்டன. மாடோட்டிகளில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மெக்சிகோ வழியினரும் கணிசமாக இருந்தார்கள். மாடோட்டும் தொழிலின் கலைச்சொற்கள் பல ஸ்பானிய மொழியிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போயின. திரையில் மட்டும் அவர்கள் எல்லாரும் வெள்ளையர் ஆனார்கள். 1873 ஜூன் மாதம், ராணுவ அதிகாரி ஒருவரிடம் பணிபுரிந்த வில்லியம் டெய்லர் என்னும் கறுப்பினத்தவரை, ஊரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு தன்னார்வக் கும்பல் சுட்டுக் கொன்றது. நகரம் பிறந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது.

அந்நாளைய நகரத்தின் நடுவே ரயில் பாதை ஓடியது. அதற்கு மக்கள் இட்ட பெயர் 'டெட் லைன்'. பாதைக்கு வடக்கே 'மரியாதைக்குரிய' வணிகத் தெரு. அங்கே துப்பாக்கி எடுத்துச் செல்லத் தடை. தெற்கே எதுவும் நடக்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே வேலைக்காக மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஊருக்குள் குடியேறவில்லை. ரயில்வே நிறுவனத்தின் நிலத்தில், பழைய தண்டவாளக் கட்டைகளையும் கழிவுப் பலகைகளையும் கொண்டு அவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் 'மெக்சிகன் வில்லேஜ்' எனப்பட்டன. 1950கள் வரை அக்குடியிருப்பு இருந்தது. ஊருக்கு உழைப்பவர்கள், ஊருக்கு வெளியே, உரிமையில்லா நிலத்தில். தமிழில் இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு.

ஆலை வந்த கதை

1885இல் கால்நடை நோய்த் தடுப்புக்காக டெக்சாஸ் மாடுகளுக்குக் கான்சாஸ் தடை விதித்தது. மாடோட்டும் காலம் முடிந்தது. ஆனால் மாடு அந்நகரத்தை விட்டுப் போகவில்லை. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது வேறு வடிவில் திரும்பி வந்தது.

முன்பு அமெரிக்காவின் இறைச்சித் தொழில் சிகாகோ, கான்சாஸ் சிட்டி போன்ற பெருநகரங்களில் குவிந்திருந்தது. அங்கே நெடிய போராட்டத்தின் பயனாக வலிமையான தொழிற்சங்கங்கள் இருந்தன. கறுப்பினத் தொழிலாளர்களும் வெள்ளையினத் தொழிலாளர்களும் ஒரே சங்கத்தில் நின்று பெற்ற ஊதியம் அது. 1960இல் தொடங்கப்பட்ட ஐ.பி.பி. நிறுவனம் இந்த முறையை உடைத்தது. மாட்டை நகரத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக ஆலையை மாடு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனது. தேர்ந்த கசாப்புக்காரரின் கலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, ஒருவர் நாள் முழுதும் ஒரே வெட்டை மட்டும் போடும் வரிசையாக மாற்றியது. முழு உடலைத் தொங்கவிட்டு அனுப்புவதற்கு மாறாக, துண்டுகளாக்கிப் பெட்டியில் அடைத்து அனுப்பியது. சங்கம் வலுவாயிருந்த நகர ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1980களில் இத்தொழிலின் ஊதியம் சரிந்தது.

அந்த அலையில்தான் 1980ஆம் ஆண்டளவில் கார்கில் நிறுவனத்தின் பேராலை டாட்ஜ் சிட்டிக்கு வந்தது. நேஷனல் பீஃப் நிறுவனத்தின் ஆலையும் அங்கு உள்ளது. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 10,000க்கும் மேற்பட்ட மாடுகளை அறுக்கும் திறன் கொண்டவை. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கானோர் பணியாற்றுகிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரத்தின் மொத்த மக்கள்தொகையே 27,788தான் என்பதைக் கணக்கில் கொண்டால், இந்த ஆலைகள் அந்நகரத்துக்கு என்ன பொருள் என்பது விளங்கும். சுற்றிலும் 'ஃபீட்லாட்' எனப்படும் பெரும் பட்டிகளில் மக்காச்சோளம் தின்று கொழுக்கும் அடிமாடுகள். அந்தச் சோளம் ஒகலாலா நிலத்தடி நீரைக் குடித்து வளர்கிறது. மழையால் நிரம்பும் வேகத்தைவிட மிக வேகமாக அந்த நீர் இறைக்கப்பட்டு வருகிறது. நாட்டின் கொழுத்த மாட்டிறைச்சிச் சந்தையில் ஏறத்தாழ 85 விழுக்காடு டைசன், ஜே.பி.எஸ்., கார்கில், நேஷனல் பீஃப் ஆகிய நான்கு நிறுவனங்களின் கையில் இருக்கிறது.

குளிரூட்டப்பட்ட கூடத்தில் நின்றபடியே, ஒரே அசைவை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை செய்யும் வேலை இது. மணிக்கட்டும் தோளும் தேய்ந்துபோகும். ஊதியம் குறைந்ததும் உள்ளூர் வெள்ளையர்கள் விலகினார்கள். முதலில் வியட்நாம் அகதிகளும் பிறகு மெக்சிகோ, மத்திய அமெரிக்கத் தொழிலாளர்களும், அண்மைக் காலத்தில் சோமாலியர்களும் அவ்விடத்தை நிரப்பினார்கள். இங்கு ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் மாட்டைக் கொல்வது தீட்டன்று. மாட்டிறைச்சி அங்கே மேசையின் நடுவே வைக்கப்படும் உணவு. உண்பதில் பெருமை, அறுப்பதில் மட்டும் யாருக்கும் விருப்பமில்லை. சாத்திரம் எதுவும் தேவைப்படாமலேயே ஒரு சமூகம் தன் கடினமான வேலைகளைக் குறிப்பிட்ட மக்களிடம் ஒப்படைத்துவிட முடியும் என்பதற்கு இது சான்று.

இதைச் சாதி என்று அழைப்பது தவறாகும். ஆலைத் தொழிலாளியின் மகள் ஆசிரியராகலாம், ஆகியும் இருக்கிறார்கள். பிறப்பே தொழிலை விதிக்கும் அமைப்பு அங்கில்லை. ஆனால் வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்பவர்களைத் தரம் பிரித்து அடுக்குவது வேறு என்று 1936இல் அம்பேத்கர் சுட்டிக்காட்டிய வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு டாட்ஜ் சிட்டியைப் பார்த்தால், அடுக்கு ஒன்று உருவாகிவருவது கண்ணுக்குத் தெரியும்.

இரவில் ஆலையைக் கழுவியவர்கள்

அந்த அடுக்கின் அடித்தட்டு எது என்பது 2023 பிப்ரவரியில் வெளியானது. பகலில் அறுக்கும் ஆலையை இரவில் கழுவ வேண்டும். எலும்பை அறுக்கும் ரம்பங்கள், தலையைப் பிளக்கும் இயந்திரங்கள் ஆகியவற்றில் ஒட்டியுள்ள குருதியையும் கொழுப்பையும் வெந்நீராலும் எரிக்கும் ரசாயனங்களாலும் நீக்க வேண்டும். இவ்வேலையை ஆலைகள் நேரடியாகச் செய்வதில்லை. பேக்கர்ஸ் சானிட்டேஷன் சர்வீசஸ் என்னும் ஒப்பந்த நிறுவனம் எட்டு மாநிலங்களில் 13 ஆலைகளில் 13 வயது முதல் 17 வயது வரையிலான 102 குழந்தைகளை இந்த இரவு வேலையில் ஈடுபடுத்தியதை அமெரிக்கத் தொழிலாளர் துறை கண்டறிந்தது. குறைந்தது மூன்று குழந்தைகள் காயமுற்றிருந்தார்கள். அந்த 102 பேரில் 26 பேர் டாட்ஜ் சிட்டியின் கார்கில் ஆலையில் வேலை செய்தவர்கள்.

சட்டம் அனுமதித்த உச்ச அபராதம் ஒரு குழந்தைக்கு 15,138 டாலர். மொத்தம் ஏறத்தாழ 15 லட்சம் டாலர். அபராதம் ஒப்பந்த நிறுவனத்தின் மீதே விதிக்கப்பட்டது. எந்த ஆலையின் தரையை அக்குழந்தைகள் கழுவினார்களோ அந்த ஆலையின் மீது விதிக்கப்படவில்லை. மலக்குழி மரண வழக்குகளை நடத்தும் எவருக்கும் இந்த ஏற்பாடு அத்துப்படி. வேலை கொடுத்தது நகராட்சி, ஆள் அனுப்பியது ஒப்பந்ததாரர், ஒப்பந்ததாரருக்குக் கீழே ஒரு மேஸ்திரி, இறந்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. முதன்மை வேலையளிப்பவரைப் பொறுப்பாக்க நாம் ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. குழந்தைகளின் இரவுகள் அடிமாட்டு விலைக்குப் போவதற்கு வழிசெய்தது இந்த ஒப்பந்த முறைதான்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், கொரோனா காலத்தில், இதே ஆலைகள் வேறொரு பாடத்தைத் தந்தன. 2020 ஏப்ரல் 28 அன்று அதிபர் டிரம்ப் இறைச்சி ஆலைகளை இன்றியமையாத் தொழிலாக அறிவித்து, அவை தொடர்ந்து இயங்க வழிசெய்யும் ஆணையைப் பிறப்பித்தார். ஐந்து பெரும் இறைச்சி நிறுவனங்களில் மட்டும் பெருந்தொற்றின் முதல் ஓராண்டில் குறைந்தது 59,000 தொழிலாளர்கள் தொற்றுக்குள்ளானதையும் 269 பேர் இறந்ததையும் நாடாளுமன்றத் துணைக்குழு 2021 அக்டோபரில் வெளியிட்டது. கார்கிலும் நேஷனல் பீஃபும் அந்த ஐந்தில் அடக்கம். நகரத்தில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கிய தீர்மானத்தை ஆதரித்த மேயர் ஜாய்ஸ் வார்ஷா, வந்து குவிந்த மிரட்டல்களால் 2020 டிசம்பரில் பதவி விலகினார். உழைப்பு இன்றியமையாதது என்று அறிவித்த நாட்டில், உழைப்பவரின் உயிருக்காக ஒரு துணியைக் கட்டிக்கொள்வதுகூடப் பெருஞ்சுமையாகத் தோன்றியது.

எண்ணிக்கை வாக்காவதில்லை

'பெரும்பான்மையாக இருக்கிறார்கள், வாக்களித்து மாற்றிக்கொள்ளலாமே' என்று கேட்பது எளிது. அந்தப் பாதையின் ஒவ்வொரு படியிலும் ஒரு வடிகட்டி உண்டு.

முதலாவது குடியுரிமை. ஆலையில் வேலை செய்ய அனுமதி பெற்றவர் எல்லாரும் வாக்காளர் அல்லர். பெரியவர்களில் பலர் குடிமக்கள் அல்லர்; பிள்ளைகளுக்கு இன்னும் வாக்களிக்கும் வயது வரவில்லை. எனவே மக்கள்தொகையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் இருப்பவர்கள், வாக்களிக்கத் தகுதியுடையோரில் ஏறத்தாழ 46 விழுக்காடாகச் சுருங்குகிறார்கள்.

இரண்டாவது பதிவு. கான்சாஸ் மாநிலத்தில் 2013 முதல், பதிவு செய்வதற்குக் குடியுரிமைச் சான்றை ஆவணமாகக் காட்ட வேண்டும் என்ற சட்டம் நடைமுறையில் இருந்தது. 30,000க்கும் மேற்பட்டோரின் பதிவு அதனால் தடைபட்டது. 2018 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. சட்டத்தின் முதன்மைக் காவலராக நின்ற மாநிலச் செயலர் கிரிஸ் கோபக்தான் அவ்வாண்டு நவம்பர் ஆளுநர் தேர்தலில் வேட்பாளராகவும் இருந்தார், தோற்றார்.

மூன்றாவது வாக்குச்சாவடி. அதன் கதையை மேலே கண்டோம். வழக்கும் நாடு தழுவிய கண்டனமும் சேர்ந்து அழுத்தம் தந்த பிறகு, 2019இல் நகரத்துக்கு இரண்டு சாவடிகள் கிடைத்தன.

நான்காவது அச்சம். டாட்ஜ் சிட்டியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் அதே போன்ற இறைச்சி ஆலை நகரமான கார்டன் சிட்டி உள்ளது. அங்கே சோமாலிய அகதிகள் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பையும் அதிலிருந்த தொழுகையிடத்தையும் குண்டு வைத்துத் தகர்க்க மூன்று வெள்ளையர்கள் தீட்டிய திட்டம் 2016இல் முறியடிக்கப்பட்டது. மூவருக்கும் 25 ஆண்டுகளும் அதற்கு மேலும் சிறைத்தண்டனை கிடைத்தது. சட்டம் அங்கே தன் கடமையைச் செய்தது. ஆனால் அத்தகைய செய்தி பரவும் சமவெளியில், பொது வெளியில் தலைகாட்டவே தயங்கும் குடும்பங்கள் உண்டு.

ஐந்தாவது வடிகட்டிதான் மிக நுட்பமானது: தேர்தல் முறை. டாட்ஜ் சிட்டியின் நகர அவையில் ஐந்து உறுப்பினர்கள். வார்டு என்பதே இல்லை. ஐவரையும் முழு நகரமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. ஒரு சமூகம் ஒன்றுபட்டு 51 விழுக்காடு வாக்களித்தால் ஐந்து இடங்களையும் எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய 49 விழுக்காட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. அத்துடன், நகரத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில், அதிபர் தேர்தலோ ஆளுநர் தேர்தலோ இல்லாத வேளையில் நடக்கிறது. ஆலையின் பணிமுறைக்கு இடையே ஓடிவந்து வாக்களிக்க வேண்டியவர்கள் அந்நாளில் குறைவாகவே வருகிறார்கள்.

இந்த ஐந்தில் எதிலும் 'லத்தீன் வழியினர் வாக்களிக்கக் கூடாது' என்று எழுதப்படவில்லை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு விதிக்கும் ஒரு நிர்வாகக் காரணம் உண்டு. சேர்த்துப் பார்த்தால் மட்டுமே அவை ஒரு சுவராகத் தெரிகின்றன.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

2022 டிசம்பரில் நகரத்தைச் சேர்ந்த லத்தீன் வழியினர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். முழு நகரமும் ஐவரையும் தேர்ந்தெடுக்கும் முறை எங்கள் வாக்கை நீர்த்துப்போகச் செய்கிறது, வார்டுகளாகப் பிரியுங்கள் என்பது கோரிக்கை. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவே அதன் அடிப்படை.

அப்பிரிவின் வரலாறு சட்ட மாணவர்கள் அறிய வேண்டியது. 1980இல் மொபைல் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாகுபாடு காட்டும் நோக்கம் இருந்ததை மெய்ப்பித்தால்தான் நிவாரணம் என்றது. நோக்கத்தை யார் எழுத்தில் விட்டுச் செல்வார்கள்? குடிமை உரிமை இயக்கங்களின் அழுத்தத்தால் 1982இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நோக்கம் வேண்டாம், விளைவே போதும் என்றாக்கியது. 1986இல் தார்ன்பர்க் எதிர் ஜிங்கிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று முன்நிபந்தனைகளை வகுத்தது. சிறுபான்மைச் சமூகம் ஒரு தொகுதியில் பெரும்பான்மையாகும் அளவுக்குப் பெரிதாகவும் ஓரிடத்தில் செறிந்தும் இருக்க வேண்டும். அச்சமூகம் அரசியல்ரீதியாக ஒன்றுபட்டு வாக்களிக்க வேண்டும். பெரும்பான்மைச் சமூகம் திரண்டு வாக்களித்து, அவர்கள் விரும்பும் வேட்பாளரை வழக்கமாகத் தோற்கடிக்க வேண்டும். இம்மூன்றும் நிறைவேறிய பிறகே ஒட்டுமொத்தச் சூழல் ஆராயப்படும்.

2024 தொடக்கத்தில் விசாரணை நடந்தது. வாக்குகளைப் பகுப்பாய்ந்த புள்ளியியல் வல்லுநர்கள் இரு தரப்பிலும் சாட்சியமளித்தார்கள். 2024 ஜூலையில் தீர்ப்பு நகரத்துக்குச் சாதகமாக வந்தது. சட்டம் கேட்கும் அளவுக்கு மனுதாரர்கள் மெய்ப்பிக்கவில்லை என்பது அதன் சாரம்.

தீர்ப்பில் நமக்கு உடன்பாடின்மை இருக்கலாம். ஆனால் இத்தகைய வழக்குகளின் சுமை எங்கே விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பல ஆண்டுத் தேர்தல் தரவுகளும், வல்லுநர் குழுவும், பல்கலைக்கழகமும் உரிமை அமைப்புகளும் துணைநிற்க வந்த வழக்கு இது. அவ்வளவு வலு இருந்தும் முடியவில்லையெனில், அத்தகைய துணையற்ற ஒரு சிறு நகரத்தின் தொழிலாளி என்ன செய்வார்? விலக்கப்பட்டவரே விலக்கலைப் புள்ளிவிவரத்தில் மெய்ப்பிக்க வேண்டும்; விலக்கும் அமைப்போ இருந்தபடி இருந்தாலே போதும்.

பூனாவில் தொலைந்த பாதி

இந்த இடத்தில் நம் வரலாற்றை அருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்வு, தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளில் 71 இடங்களை அளித்தது. காந்தியாரின் உண்ணாநிலையின் அழுத்தத்தில் செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தம், 148 ஒதுக்கீட்டு இடங்களைத் தந்து தனித் தொகுதியைப் பறித்தது. எண்ணிக்கை இரட்டிப்பானது, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கைமாறியது. அம்பேத்கர் அதிலும் ஒரு வாயிலைத் திறந்து வைத்தார். முதற்கட்டத் தேர்தலில் தலித் வாக்காளர்கள் மட்டுமே வாக்களித்து நால்வர் பட்டியலைத் தேர்ந்தெடுப்பார்கள். பொது வாக்காளர்கள் அந்த நால்வருக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடியரசு அரசமைப்பில் அந்த முதற்கட்டத் தேர்தல் இடம்பெறவில்லை. இட ஒதுக்கீடு மட்டும் எஞ்சியது.

இப்போது இரு நாட்டுச் சட்டங்களையும் எதிரெதிரே நிறுத்துவோம். அமெரிக்கச் சட்டத்தில் ஒதுக்கீட்டு இடம் கிடையாது. ஆனால் அது கேட்கும் கேள்வி சரியானது: இந்தச் சமூகம் 'விரும்பிய வேட்பாளர்' வெல்ல முடிகிறதா? வேட்பாளரின் பிறப்பு அங்கே இரண்டாம் நிலைதான். இந்தியச் சட்டம் இடத்தை உறுதியாகத் தருகிறது. ஆனால் அது கேட்பது வேட்பாளரின் சாதிச் சான்றிதழை மட்டுமே. அவர் யாருடைய விருப்பம் என்று ஒருபோதும் கேட்பதில்லை. அங்கே கேள்வி இருக்கிறது, இடம் இல்லை. இங்கே இடம் இருக்கிறது, கேள்வி இல்லை. அம்பேத்கர் முதற்கட்டத் தேர்தலின் வழியே இணைக்க முயன்றது இந்த இரண்டையும்தான்.

இடம் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதை மேலவளவு சொல்லும். 1997 ஜூன் 30 அன்று, தனி ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே நடத்த விடப்படவில்லை. நடந்த இடங்களில் வென்றவர் உடனே பதவி விலகவைக்கப்பட்டார். டாட்ஜ் சிட்டியில் நாற்காலி எட்டாத உயரத்தில் இருந்தது. இங்கே நாற்காலி தரப்பட்டு, அதில் அமர்ந்தவர் கொல்லப்பட்டார்.

நம் ஊரின் டாட்ஜ் சிட்டிகள்

இந்தக் கதையிலிருந்து இயக்கத்தார் எடுத்துக்கொள்ள வேண்டியவை எனச் சிலவற்றைக் கருதுகிறேன்.

முதலாவதாக, தொகுதி வரையறை, வார்டு எல்லை, வாக்குச்சாவடி இருப்பிடம் ஆகியவற்றை 'நிர்வாக விவரம்' என்று கடந்துபோகக் கூடாது. சேரியிலிருந்து சாவடிக்குப் போகும் வழி எந்தத் தெரு வழியே செல்கிறது? வார்டு எல்லை நம் குடியிருப்பை இரண்டாகப் பிளக்கிறதா? வரைவு வெளியாகி ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம் இருக்கும் சில நாள்களில் கேட்கப்படாத கேள்வி, அடுத்த தேர்தல் வரை பதிலின்றியே கிடக்கும். டாட்ஜ் சிட்டியில் இரண்டாவது சாவடியைப் பெற்றுத் தந்தது முழுமையான தீர்ப்பு அன்று. கணக்கைத் திரட்டி, ஆவணத்தை வெளிக்கொணர்ந்து, உலகின் முன் வைத்த உழைப்பே அதைப் பெற்றுத் தந்தது.

இரண்டாவதாக, ஒதுக்கீட்டு இடத்தோடு நம் கேள்வி நின்றுவிடக் கூடாது. தனித் தொகுதியில் வென்றவர் தலித் வாக்காளர் பெரும்பான்மையின் வாக்கைப் பெற்றாரா என்பதை வாக்குச்சாவடி வாரியாக ஆராய முடியும். படிவம் 20இல் சாவடிவாரி முடிவுகள் வெளியிடப்படுகின்றன. அரசியல் அறிவியலும் புள்ளியியலும் படிக்கும் நம் மாணவர்கள் இந்த ஆய்வைக் கையிலெடுக்க வேண்டும். நாளை ஒரு வழக்கு தொடுக்கும் நாள் வந்தால் வெறுங்கையோடு நிற்காமலிருக்க அதுவே வழி.

மூன்றாவது, நம்மைச் சங்கடப்படுத்த வேண்டியது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் நச்சுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இந்த ஊரின் தோலைப் பதப்படுத்தினார்கள். இந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் அவர்கள் இல்லை. அவர்களுக்காகக் குரல் கொடுக்க வேண்டிய எந்தக் கட்டாயமும் எந்த வார்டு உறுப்பினருக்கும் இல்லை. திருப்பூரிலும் ஆம்பூரிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் இன்று அவர்களைப் போன்றோர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் இஸ்லாமியரும் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? 'வடக்கன்' என்னும் சொல் நம் இளைஞர்களின் வாயிலும் எளிதாக வருகிறது. டாட்ஜ் சிட்டியின் வெள்ளையர் ஒவ்வொருவரும் வெறியர் அல்லர். தாங்கள் உண்பதை யார் அறுக்கிறார்கள் என்று கேட்காமலிருப்பதே அவர்களில் பலருக்குப் போதுமானதாக இருந்தது.

2019இல் திறக்கப்பட்ட இரண்டாவது சாவடி ஒரு சிறிய வெற்றி. 2024இன் தோல்வி பெரியது. அந்நகரத்தின் பள்ளிகளிலோ இன்று லத்தீன் வழிப் பிள்ளைகளே பெரும்பான்மை. ஆண்டுதோறும் அவர்களில் ஒரு தொகுதியினர் பதினெட்டு வயதை எட்டுகிறார்கள். பிறப்பால் குடிமக்களானவர்கள், பதிவுப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர்கள். ஆலையில் பெற்றோர் இழந்த தோள்பட்டைகளின் கணக்கும் அவர்களுக்குத் தெரியும். ஐந்து நாற்காலிகளைச் சுற்றி வரையப்பட்ட கோடு அவர்கள் முன் எத்தனை தேர்தலுக்குத் தாங்கும் என்பதைச் சமவெளி காணத்தான் போகிறது. நம் ஊர்க் கோடுகளை அழிக்கும் வேலை நம்முடையது.